குகையே இல்லாத நம்ம ஊர்ல ஆதிமனிதன் எங்க இருந்தான்?

மன்னார்குடி அம்மா | திங்கள், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆறாவது படிக்கிறா. ‘ஆதிமனிதன் வாழ்க்கை’ன்னு சார்ட் செஞ்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க. குகை, தோலாடை, கையில தடி, பக்கத்துல நெருப்புன்னு வரைய உட்கார்ந்தா. பாதியில பென்சிலை வச்சுட்டு, “அம்மா, நம்ம ஊர்ல மலையும் இல்ல, குகையும் இல்ல. அப்ப இங்க யாருமே இருந்திருக்க மாட்டாங்களா?”ன்னு கேட்டா.

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வடுவூர்லேர்ந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் போனா வயல், வாய்க்கால், தென்னை, திரும்ப வயல். எங்க வீட்டு அம்மிக்கல்லே புதுக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து வண்டியில வந்ததுன்னு மாமியார் சொல்வாங்க. கல்லே இல்லாத ஊர்ல கற்காலத்துக்கு எங்க போறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சார்ட் கொடுக்கணும்.

குடந்தை பேலியோ | திங்கள், இரவு 9.05

சகோதரி, பாப்பா சொல்வது சரிதான். குகை மனிதர்கள் மலைப் பகுதிகளில் இருந்தவர்கள். டெல்டாவுக்கு மனிதன் வந்தது நெல் பயிரிடக் கற்ற பிறகுதான். அதற்கு முன் இங்கே சதுப்பும் காடுமாக இருந்திருக்கும். சார்ட்டில் உணவுப் பகுதி எழுதும்போது ஒன்றை மறக்காமல் சேருங்கள்: குகை மனிதன் தானியத்தைத் தொட்டதே இல்லை. மாமிசம், கொழுப்பு, கொட்டைகள், கீரை, அவ்வளவுதான். சர்க்கரை நோய் அவனுக்குத் தெரியாது. நான் மூன்று வருடமாக அந்த உணவில் இருக்கிறேன், பலன் கண்கூடு.

திருவையாறு ஓய்வாசிரியர் | திங்கள், இரவு 10.20

அம்மா, உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தினேன். எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் நடத்தவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நானும் அதே குகையைத்தான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன்.

ஆதிமனிதர்களில் பெரும்பாலோர் குகையில் குடியிருந்தவர்கள் அல்லர். பூமியில் குகை இருக்கும் இடம் எவ்வளவு? ஆற்றங்கரை, ஏரிக்கரை, ஓடையோரம் என்று தண்ணீரை ஒட்டி வெட்டவெளியில் தங்கினார்கள். பக்கத்தில் குகை இருந்தால் குளிருக்கும் மழைக்கும் ஒதுங்கினார்கள். ஆற்றங்கரைக் குடிசை அடுத்த வெள்ளத்தில் போய்விடும். குகைக்குள் விழுந்த எலும்பும் சாம்பலும் வெயில் மழை படாமல், மண் மூடி, அப்படியே கிடக்கும். பழைய எலும்பு தேடுகிறவர்களும் முதலில் குகைக்குள்தான் நுழைந்தார்கள். எலும்பு அகப்பட்ட இடமே அவர்கள் வீடு என்று நாம் முடிவுகட்டிக்கொண்டோம்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் கற்கால மனிதன் செதுக்கிய ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே அகழ்ந்து, 2011இல் வெளியிட்ட காலக்கணிப்பு சுமார் 15 லட்சம் ஆண்டு. அந்த வட்டாரத்தில் குடியம் குகைகள் உண்டு. ஆனாலும் அத்தனை கருவிகள் கிடந்தது கொசத்தலை ஆற்றுப் படுகையில், ஓடைக்கரைக் களிமண்ணில். எருமை, நீலான், குதிரை இனங்களின் பற்களும், விலங்குகள் நடந்த குளம்புத் தடங்களும் அந்த மண்ணில் இருந்தன. சேறடித்த வயலில் மாடு இறங்கினால் எப்படிக் குளம்பு பதியும் என்று டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

தென்கோடியில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளிலும் இதே கதைதான். செம்மணல் மேடுகளில் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. சுற்றிலும் குகை கிடையாது.

டெல்டா விஷயத்தை நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கைபோர் நன்னிலம் | திங்கள், இரவு 11.10

சார், மண்ணு விஷயத்துல நான் ஒண்ணு சொல்லலாமா? அப்பா காலத்துலேர்ந்து போர் போடுறோம். மேல வண்டல், அப்புறம் களி, அதுக்குக் கீழ மணல், திரும்பக் களி. இருநூறு அடி போனாலும் பாறை தட்டாது. வேதாரண்யம் பக்கம் போட்டா கருங்களியோட சிப்பி சிப்பியா வரும். கடல் ரொம்ப தூரத்துல இருக்கற ஊர்லயும் வந்திருக்கு.

ஒரு தடவை எண்பது அடியில மக்கின கட்டை ஒண்ணு வந்துச்சு. கரி மாதிரி கறுப்பு. ஈரத்தோட எடுத்தப்ப கெட்டியா இருந்துச்சு, வெயில்ல வச்ச கொஞ்ச நேரத்துல நார் நாராப் பிரிஞ்சுது. என்ன மரம், எத்தன வருசம்னு யோசிக்காம வாய்க்கால்ல வீசிட்டேன். சார் எழுதினதப் படிச்சதுலேர்ந்து மனசு அடிச்சுக்குது.

திருவையாறு ஓய்வாசிரியர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் பதிலின் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அவ்வளவு நீரும் துருவப் பக்கங்களில் பனியாக உறைந்து கிடந்தது. இன்றைய நாகப்பட்டினக் கடற்கரை அன்று உள்நாடு. கரை கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. ஏறி நின்ற பிறகு, ஆறுகள் கொண்டுவந்த மண் கடலோரத்தில் படிந்து மேடாயிற்று. உலகத்துப் பெரிய டெல்டாக்களில் பலவும் இந்த 8,000 ஆண்டுகளுக்குள் உருவானவைதாம். தம்பி எடுத்த சிப்பிகள் கடல் இருந்த இடத்தைக் காட்டுகின்றன.

ஆகவே பாப்பாவுக்குச் சொல்லுங்கள்: பனியுகத்தில் இங்கே ஒரு குடும்பம் காவிரிக் கரையில் தங்கியிருந்தால், அவர்கள் அடுப்புச் சாம்பல் இன்று வண்டலுக்குக் கீழே எத்தனையோ அடி ஆழத்தில் இருக்கும். இன்னும் கிழக்கே தங்கியிருந்தால் கடலுக்கு அடியில் இருக்கும். கண்ணில் படவில்லை என்பதால் ஆளே இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆள் நடமாட்டம் இருந்திருக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம், கோடிக்கரைக்கு எதிரே இருக்கிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அன்று அது நடந்து போகும் தரை. இலங்கையில் பாஹியன்கல என்ற குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் எலும்பில் அம்பு முனை செதுக்கிக் குரங்கும் அணிலும் வேட்டையாடியிருக்கிறார்கள். இந்த நிலத்தின் வழியாகத்தானே அங்கே போயிருக்க வேண்டும்?

தம்பி, அந்தக் கட்டையைப் பற்றி. ஈரக் களிக்குள் காற்றுப் புகாமல் கிடந்தால் மரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுக் கலம்போ அருவி அருகே இரண்டு மரத்துண்டுகள் கிடைத்தன. மேல்கட்டையில் வெட்டுக் கொடுத்துக் கீழ்க்கட்டையின் மேல் பொருத்தியிருக்கிறார்கள், நம் தச்சர் கூடு வெட்டிப் பொருத்துவது போல. 2023இல் வெளியான ஆய்வு அதற்கு 4,76,000 ஆண்டு வயது சொல்கிறது. நம் இனமாகிய ஹோமோ சேபியன்ஸ் தோன்றுவதற்கு முன்பே யாரோ மரத்தில் கட்டுமானம் செய்திருக்கிறார்கள்.

இஸ்ரேலில் கலிலேயா ஏரியின் நீர்மட்டம் 1989இல் இறங்கியபோது ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுப் பழைய குடிசைகள் வெளிப்பட்டன. கிளைகளை வளைத்துப் போட்ட குடிசை, உள்ளே புல் பரப்பிய படுக்கை, தானியம் அரைத்த கல். ஏரித் தண்ணீர் மூடியதால் அவை பிழைத்தன. என்னைக் கேட்டால் டெல்டாப் பிள்ளை வரைய வேண்டிய படம் அதுதான்.

முசிறி பாய்த்தறி | செவ்வாய், காலை 9.30

புல் படுக்கை என்றதும் ஓடி வந்தேன். நாங்கள் தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்கிறவர்கள். தென்னாப்பிரிக்காவில் சிபுது என்ற பாறை ஒதுக்கில் 77,000 ஆண்டுகளுக்கு முந்தைய படுக்கை கிடைத்திருக்கிறது. என்ன போட்டுப் படுத்தார்கள் தெரியுமா? கோரை! அந்த ஊர்க் கோரையினப் புல்லும் நாணலும்தான். கீழே ஓடும் ஆற்றில் அறுத்து மேலே தூக்கி வந்து பரப்பியிருக்கிறார்கள். மேலே ஒரு அடுக்கு இலை. கண்ட இலையையும் போடவில்லை, பூச்சியையும் கொசுவையும் விரட்டும் மருந்து உள்ள ஒரு மரத்து இலை. நம் லவங்கப்பட்டை மரத்தின் குடும்பமாம் அது.

பாட்டி குதிரில் நெல் கொட்டும்போது நடுநடுவே நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போடுவார். சாயங்காலம் திண்ணையில் நொச்சிப் புகை போடுவார். எந்தத் தழைக்கு எந்தப் பூச்சி ஓடும் என்று எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிபுதுவில் படுக்கை பழசானால் அங்கேயே கொளுத்திவிட்டு அதன்மேல் புதுக் கோரை போட்டார்கள். அதே நாட்டில் பார்டர் குகை என்ற இடத்தில் 2,00,000 ஆண்டுகளுக்கு முன் சாம்பலைப் பரப்பி அதன்மேல் புல் படுக்கை போட்டிருக்கிறார்கள். சாம்பலில் பூச்சி ஊராது. விதை உளுந்தில் சாம்பல் கலந்து வைக்கிற நமக்கு இது புதிதா? குகை மனிதன் என்றால் அழுக்கு, முடை நாற்றம் என்று காட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அரியலூர்க்காரன் | செவ்வாய், பகல் 1.15

சார்ட்டில் டைனோசர் மட்டும் வேண்டாம், பல கடைச் சார்ட்டில் இருக்கும். எங்கள் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் நத்தை, சிப்பி, கடல் உயிர்கள் கல்லாகிக் கிடப்பது டைனோசர் காலத்துச் சொத்து. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரமும் உண்டு. டைனோசர்கள் மறைந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நம் இனமும் அடங்கிய ‘ஹோமோ’ என்ற மனிதப் பேரினத்தின் முதல் சுவடே 28 லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது. கொள்ளிடத்தைத் தாண்டி வந்தால் பாப்பாவுக்கு நேரிலேயே காட்டலாம்.

நாகை செவிலி | செவ்வாய், இரவு 9.50

நைட் டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன். ‘குகை மனிதன் முப்பது வயதில் செத்துவிடுவான்’ என்று எங்கள் வார்டிலேயே படித்தவர்கள் சொல்கிறார்கள். அது சராசரிக் கணக்கு. பேச்சுக்குப் பத்துக் குழந்தை என்று வையுங்கள். நாலு ஒரு வயதில் போய்விடுகிறது, ஆறு 55 வயது வரை இருக்கிறது. கூட்டி வகுத்தால் 33. ஆனால் முப்பத்து மூன்றில் யாரும் சாகவில்லை. நம் காலத்தில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் மக்களிடம் கணக்கெடுத்ததில், வளர்ந்து ஆளானவர்களில் அதிகம் பேர் இறந்தது 70ஐ ஒட்டிய வயதில். பிரசவமும் பிள்ளைப் பருவமும்தான் அன்றைக்குக் கண்டம். ஊசியும் சுத்தமான தண்ணீரும் மாற்றியது அதைத்தான்.

நான் மறக்காத ஒரு எலும்புக்கூடு உண்டு. ஈராக்கில் ஷனிதார் குகையில் 1957இல் எடுத்த நியாண்டர்தால் ஆண். நியாண்டர்தால் என்பது நமக்கு நெருங்கிய, அழிந்துபோன ஒரு மனித இனம். வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கண் பக்கம் எலும்பு நொறுங்கி ஆறியிருக்கிறது, அந்தக் கண்ணில் பார்வை போயிருக்கும். காதுத் துளையில் எலும்பு வளர்ந்து செவியும் மந்தம். காலிலும் ஊனம். அந்த அடிகள் பட்டதற்குப் பிறகும் பல வருஷம் வாழ்ந்து நாற்பதைத் தாண்டியிருக்கிறார். யாரோ பக்கத்தில் இருந்து பார்க்காமல் முடியுமா? என் மாமனாரைப் பக்கவாதத்தில் ஆறு வருஷம் பார்த்தவள் நான். ஒரு ஆளைப் படுக்கையில் புரட்டிப் போடுவது, ஊட்டுவது, தூக்கிப் போவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அந்த எலும்பைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அந்த ஆளைவிட அவர் கூட இருந்தவர்கள்தான் தெரிந்தார்கள்.

கூன் போட்டு நடக்கும் குகை மனிதன் படம் வந்ததும் ஒரு நோயாளியிடமிருந்துதான். 1908இல் பிரான்சில் கிடைத்த நியாண்டர்தால் கிழவரின் எலும்பை வைத்து மார்செலின் பூல் என்ற அறிஞர் அவர்கள் முழங்காலை நிமிர்த்த முடியாமல் நடந்தவர்கள் என்று எழுதினார். 1957இல் மறுபடி பரிசோதித்தவர்கள், அந்தக் கிழவருக்குக் கடுமையான மூட்டுவாதம் என்றார்கள். ஒரு வாத நோயாளியை வைத்து ஒரு இனத்தையே கூனாக்கி ஐம்பது வருஷம் போயிற்று. அந்த இனத்தின் மரபணுவில் 1 முதல் 2 சதவீதம் நம் உடம்பிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் கிடைத்தது.

குடந்தை பேலியோ | புதன், காலை 7.00

ஓய்வாசிரியர் ஐயா, ஒஹாலோவில் தானியம் அரைத்த கல் என்று எழுதியிருக்கிறீர்கள். 23,000 ஆண்டுக்கு முன்பா? விவசாயமே அப்போது இல்லையே. அது ஒரு இடத்து விதிவிலக்காக இருக்கலாம் அல்லவா? நான் சண்டைக்குக் கேட்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எனக்கு 9இலிருந்து 6க்கு வந்தது. அந்த உணவுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

திருவையாறு ஓய்வாசிரியர் | புதன், காலை 7.40

உங்கள் சர்க்கரை இறங்கியதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். அதை மறுக்க நான் யார்? அரிசியைக் குறைத்தீர்கள், இறங்கியது. அதற்கு ஆதிமனிதனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

விதைப்பதற்கு வெகுகாலம் முன்பே காட்டுத் தானியத்தைப் பறித்துத் தின்றார்கள். செவிலியம்மா சொன்ன அதே ஷனிதாரில் நியாண்டர்தால் பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டிப் பார்த்தபோது வேகவைத்த காட்டு பார்லியின் மாவுச்சத்து இருந்தது. ஜோர்டானில் 14,400 ஆண்டுப் பழைய அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. அங்கே பயிர்த்தொழில் தொடங்குவதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டு முன்பு. மொராக்கோவில் ஒரு குகையில் ஓக் கொட்டையை மாளாமல் தின்றவர்களுக்குப் பாதிப் பல் சொத்தை. இலங்கையில் குரங்கும் அணிலும், துருவத்தில் கடல்நாயும் மீனும். அவரவர் நிலம் கொடுத்ததைத் தின்றார்கள். டெல்டாவில் இருந்தவன் என்ன தின்றிருப்பான்? என் ஊகம்: கெண்டை, விரால், நத்தை, நண்டு, அல்லிக்கிழங்கு.

குடந்தை பேலியோ | புதன், காலை 8.10

ஐயா, பல் காரை விஷயம் எனக்குத் தெரியாது. தானியத்தைத் தொட்டதே இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சகோதரி, சார்ட்டில் அதைச் சேர்க்க வேண்டாம்.

வலங்கைமான் அக்கா | புதன், பிற்பகல் 3.25

பொம்பளையைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு குகைக்குப் போகிற மாதிரி ஒரு படம் சின்ன வயசிலிருந்து பத்திரிகையில் பார்க்கிறேன். இதற்கு எந்த எலும்பும் கல்லும் சாட்சி கிடையாது. யாரோ வரைந்ததை ஊரே சிரித்துக்கொண்டு பார்க்கிறது. என் பெண்ணை அதைப் பார்க்க விடமாட்டேன்.

பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளில் சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் காவிச் சாயம் ஊதிய கை அச்சுகள் இருக்கின்றன. 2013இல் டீன் ஸ்னோ என்பவர் விரல் நீளங்களை அளந்து பார்த்து, தான் ஆராய்ந்தவற்றில் முக்கால்வாசி பெண்களின் கை என்று சொன்னார். பெரு நாட்டு மலையில் 9,000 ஆண்டுக்கு முன் புதைத்த ஒரு இளம்பெண்ணின் பக்கத்தில் ஈட்டி முனைகளும் தோல் சீவும் கற்களும் வைத்திருந்தது 2020இல் தெரியவந்தது. ஆம்பளை வேட்டைக்கு, பொம்பளை குகைக்கு என்று பிரித்து வரையாதீர்கள் அம்மா. நடவு காலத்தில் நம் வயலில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று பாப்பாவுக்கே தெரியும்.

திருவையாறு ஓய்வாசிரியர் | புதன், மாலை 5.00

கை அச்சு என்றதும் பாப்பாவுக்கு ஒரு கதை. ஸ்பெயினில் அல்தமிரா என்ற குகை. 1879இல் சௌதுவோலா என்பவர் தரையைத் தோண்டிக் கல்லும் எலும்பும் தேடிக்கொண்டிருந்தார். கூட வந்த எட்டு வயது மகள் மரியா விளக்கோடு நிமிர்ந்து கூரையைப் பார்த்து, மாடு மாடு என்று அப்பாவைக் கூப்பிட்டாள். கூரை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகக் காட்டெருமைகள். பாறையின் புடைப்பையே விலாவாகவும் முதுகாகவும் வைத்து வரைந்தவை. அறிஞர்கள் நம்பவில்லை. ஆதிமனிதனுக்கு இவ்வளவு வராது, சமீபத்தில் யாரோ வரைந்த போலி என்றார்கள். அவர் 1888இல் அந்தப் பழியோடே இறந்தார். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான கார்த்தையாக் 1902இல் தவறு தன்னுடையது என்று எழுதினார். மரியாவின் அப்பா அதைப் படிக்க இல்லை.

இந்த ஓவியக் குகைகளின் ஆழமான பகுதிகளில் யாரும் குடியிருக்கவில்லை. பிரான்சின் லாஸ்கோ குகையில் கல்லைக் குழித்து விலங்குக் கொழுப்பு ஊற்றி எரித்த விளக்குகள் கிடைத்தன, நம் அகல் மாதிரி. அந்த வெளிச்சத்தில் உள்ளே போய், வரைந்துவிட்டு, வெளியே வந்து வேறெங்கோ தூங்கினார்கள்.

டெல்டாவுக்குத் திரும்பி ஒன்று. மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டியபோது வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கைக்கோடரிகள் கிடைத்தன. ஒன்றில் இருந்த குறிகளைச் சிந்து எழுத்து என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அதன் காலத்தை கிமு 2000 முதல் 1500 வரை என்று கணித்தார். எழுத்தைப் பற்றி அறிஞர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் கல்லே போதும். உங்கள் வீட்டு அம்மி போல அதுவும் எங்கிருந்தோ வந்தது. கல்லில்லாத ஊருக்கு ஒருவர் கல் சுமந்து வந்திருக்கிறார்.

மன்னார்குடி அம்மா | வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு நாளா வீட்ல வேற பேச்சே இல்ல. சார்ட்டை அழிச்சுட்டுப் புதுசா வரைஞ்சிட்டா. நடுவுல ஆறு. கரையில வளைச்சுப் போட்ட குடிசை ரெண்டு. ஒரு அம்மா கோரை அறுக்கறாங்க, ஒரு தாத்தாவுக்கு ஒரு கை இல்ல, அவர் பக்கத்துல ஒரு பொண்ணு மீனை இலையில வச்சு நீட்டுது. குடிசைக்குள்ள படுக்கைக்கு அடியில சாம்பலுக்குன்னு அடுப்புச் சாம்பலையே பசை தடவி ஒட்டிட்டா. ஓரத்துல அவ கையை வச்சு மஞ்சள் தண்ணியை வாயால ஊதி ஒரு அச்சு. வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சள்.

கீழ மண்ணை அடுக்கடுக்கா வரைஞ்சிருக்கா, வண்டல், களி, மணல், சிப்பின்னு. எண்பது அடின்னு எழுதி அங்க ஒரு கறுப்புக் கட்டை. “அந்த மாமா போட்ட கட்டை திரும்பக் கிடைக்குமா?”ன்னு கேக்கறா.

கைபோர் நன்னிலம் | வியாழன், இரவு 10.30

அது கிடைக்காது பாப்பா. அடுத்த வாரம் கோட்டூர் பக்கம் ஒரு போர் இருக்கு. பத்து அடிக்கு ஒரு டப்பாவுல மண்ணு எடுத்து வச்சு, அடியை மேல எழுதித் தர்றேன். கட்டை கிட்டை வந்தா ஈரத்தோட பாலித்தீன்ல சுத்தி முதல்ல ஓய்வாசிரியர் சாருக்குப் போன் பண்றேன். சார், நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புங்க.